எல்லாரும் கைதட்டின களவு

இருங்க ரெண்டு பேரும். தம்பி, அந்தக் கதிரையில இல்ல, அதுல ரத்தம் கிடக்கு. பயப்படாத, பீட்ரூட்தான். நேத்துப் புள்ளையளுக்கு ரத்தத் தெறிப்புப் பாடம். நல்லாத் தடிச்சு வரட்டும் எண்டு கொஞ்சம் சோளமாவும் போட்டுக் காய்ச்சின நான். ஒரு பொடியன் விரலால தொட்டு நக்கிப்போட்டு உப்புக் காணாதாம். அப்பிடிப்பட்ட இடத்துக்குத்தான் வந்திருக்கிறீங்க.

தங்கச்சி வந்தாறுமூலைக் கம்பஸ்ல பட்டம் எடுத்த ஆள் எண்டு சொன்னாங்க. நல்லம். தம்பி சாதாரணதரப் பரீட்சையோட படிப்ப விட்டுட்டு நிண்ட ஆளாம். அது எனக்கு இன்னும் நல்லம், நானும் அங்கதான் நிண்ட. பள்ளிக்கூடமும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் களைச்சு, ரெண்டு பேரும் சண்டையில்லாமப் பிரிஞ்ச.

இந்த நிலையத்துல என்ட வேலை களவெடுக்கிறது. காலையில களவெடுப்பன். தேத்தண்ணிக்கு முன்னம் புள்ளையள் என்னைப் பிடிச்சிருவாங்க. மத்தியானம் பிடிச்ச ஆக்களோடயே இருந்து சோறு தின்னுவன். வேலை கிடைச்ச அண்டைக்கு அம்மாக்கிட்டப் போய், "அம்மா, கள்ளன் வேலை ஒண்டு கிடைச்சிருக்கு, சம்பளமும் தருவாங்களாம்" எண்டன். அவ குசினிக்குள்ள இருந்து அகப்பையோட வந்திட்டா. மறுகா டீச்சர் வீட்டுக்கு வந்து விளங்கப்படுத்தித்தான் அகப்பை கீழ இறங்கின.

தடயவியல் பாடத்த எங்கட டீச்சர் பலகையில எழுதிப் படிப்பிக்கமாட்டா. குற்றம் நடந்த இடத்துல கிடக்கிற சாமானைப் பார்த்து என்ன நடந்ததெண்டு கண்டுபிடிக்கிறதுதானே அந்தப் பாடம். அப்ப குற்றம் ஒண்டு நடக்கணும். அத நடத்தி வைக்கத்தான் நான். லீவு வகுப்புக்குப் புள்ளையள் வருவாங்க, செங்கலடி, தேத்தாத்தீவு, கரடியனாறு எண்டு எல்லாப் பக்கமிருந்தும். நான் மணியத் தூக்குவன், டீச்சர்ட கண்ணாடிய ஒளிப்பன், பணிசக் கடிச்சுப் பல்லடையாளத்தோட வைப்பன். புள்ளையள் தூளும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வருவாங்க.

இப்ப நான் ஓய்வு பெறுறன். சிரிக்காதீங்க, இந்த வயசுலயும் ஓய்வு பெறலாம். காரணம் என்ன தெரியுமா, என்ட கைரேகை எல்லாப் புள்ளையளுக்கும் மனப்பாடம். தூள் தூவினவுடன "அண்ணன்ட பெருவிரல்" எண்டு சொல்லிப்போட்டு சாப்பிடப் போயிருறாங்க. கள்ளன் பழசாப் போயிட்டான். புதுக் கைரேகை வேணும் எண்டுதான் உங்கள எடுத்திருக்காங்க. என்ட மச்சான் ஐஸ் லொறி வெச்சிருக்கான், நான் அதுல போகப்போறன்.

போறதுக்கு முன்னம் ஒரு நாள் நடந்தத உங்களுக்குச் சொல்லணும். தூள் எப்பிடித் தூவுற, பிளாஸ்டர் எப்பிடிக் கரைக்கிற எண்டதெல்லாம் டீச்சர் காட்டுவா. இது அவ சொல்லமாட்டா.

அது ஒரு ஓகஸ்ட் லீவு. கச்சான் காத்து ஆத்துப் பக்கமிருந்து அடிச்சு, கைரேகைத் தூளெல்லாம் பறந்து, புள்ளையள் எல்லாம் மாப்பேணிக்குள்ள விழுந்த பூனை மாதிரித் திரிவாங்க. இந்த மண்டபம் முந்தி நெல் அடுக்கி வெச்ச கட்டிடம். அப்ப கூட்டினா உமிதான் வரும். மேல தகரம் படபடக்கும், ஒருத்தன் ஒண்டு சொன்னா மற்றவன் "என்ன, என்ன" எண்டு கத்துவான். இப்ப சீலிங் அடிச்சு, காத்தாடி போட்டு, எல்லாம் வடிவா இருக்கு. எனக்கெண்டா அந்தச் சத்தம்தான் காதுல நிக்குது. அந்த வருசத்துப் புள்ளையள் மாதிரி ஒரு கூட்டம் மறுகா வரல்ல. எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க, ஆனா நான் சொல்றது உண்மை.

டீச்சர் ஏறாவூர் ஆள். அப்ப ஒரு பழைய ஸ்கூட்டர்ல வருவா, அது ஒழுங்கைக்குள்ள திரும்பக்கொள்ளயே எங்களுக்குக் கேக்கும். அவட வகுப்புல ஒரு பழக்கம் இருந்தது. புள்ளையள ரெண்டாப் பிரிப்பா. ஒரு பக்கம் கட்டுற ஆக்கள், மற்றப் பக்கம் உடைக்கிற ஆக்கள். கட்டுற ஆக்கள் தடயத்தச் சேர்த்து இன்னாருதான் கள்ளன் எண்டு கட்டி எழுப்பணும். உடைக்கிற ஆக்கள் அதுல எங்க ஓட்டை எண்டு தேடி உடைக்கணும். உடைக்கேலாமப் போனாத்தான் கள்ளன் ஒழும்பி, "நான்தான் எடுத்தன்" எண்டு சொல்லுவான். எல்லாரும் கைதட்டுவாங்க. சிலநாள் எனக்குப் பதிலா ஒரு புள்ளையக் களவாக் கூப்பிட்டுக் கள்ளனாக்குவன். புள்ளையளுக்கு அதுதான் பெரிய சந்தோசம். நாடகம் மாதிரி கையக் கட்டி, தலையக் குனிஞ்சு, "நான்தான்" எண்டு சொல்லுறதுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஸ்டைல்.

அண்டைக்குக் காலையில நான் பணிஸ் வாங்கச் சந்திக்குப் போயிட்டன். திரும்பி வந்து பார்த்தா, புள்ளையள் எப்பவும் போல சாமான் அறைக்கு முன்னால கயிறு கட்டி மறிச்சிருக்காங்க. அலுமாரி திறந்து கிடக்கு. தடயங்களப் படம் எடுக்கிற கமராவக் காணல்ல. பின் ஜன்னல் பாதி திறந்து கிடக்கு. டீச்சர் நடுவுல நிண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறா. நான் நினைச்சன், டீச்சர் எனக்கும் சொல்லாமப் புதுக் களவு ஒண்டு போட்டுட்டா, என்னையும் சோதிக்கிறா போல எண்டு. அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா. நானும் சிரிச்சன்.

அவ என்ன நினைச்சிருக்கா எண்டா, நான்தான் வெள்ளன வந்து ஆயத்தம் பண்ணியிருக்கன் எண்டு.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு நிண்ட. விளங்குதா? நாங்க கேக்கல்ல. ஒரு வார்த்தை, "இது உங்கட களவா என்ட களவா" எண்டு கேட்டிருந்தா இந்தக் கதையே இல்ல. இப்ப காலையில வகுப்புக்கு முன்னம் டீச்சர் வந்து "இண்டைக்கு என்ன களவு போகுது" எண்டு கேப்பா, நீங்க சொல்லணும். சொல்லாம ஒரு பேனையக் கூட எடுக்கப்படாது. அது அண்டையில இருந்து வந்த பழக்கம்.

புள்ளையள் பறந்துபோய் வேலை செய்யிறாங்க. "படம் எடுக்கிற கமராவையே தூக்கியிருக்காங்க பாரு, இந்தத் தரம் டீச்சர் கலக்கிட்டா" எண்டு ஒருத்தன் சொல்றான். அலுமாரியில தூள் தூவினா எல்லாரிட கைரேகையும் கிடக்கு, அது ஒண்டுக்கும் உதவாது. தேத்தாத்தீவுப் புள்ள ஒண்டு, நிவேதா எண்டு பேர், அந்தக் கூட்டத்துலயே கெட்டிக்காரி. ஆரும் ஏதும் சொன்னா "எப்பிடித் தெரியும்" எண்டு கேட்டு உசிர வாங்குவா. அவ பின்பக்கமாப் போனா. பைப்படித் தண்ணி ஓடி ஜன்னலுக்குக் கீழ நிலம் எப்பவும் ஈரம். அதுல ஒரு செருப்படி, இப்பத்தான் வெட்டி எடுத்த மாதிரி வடிவா விழுந்து கிடக்கு. மூக்கு ஜன்னல் பக்கம் பார்த்து.

நிவேதா அச்செடுக்கிற பிளாஸ்டர் மாவக் கரைச்சு அதுக்குள்ள ஊத்தினா. மற்றப் புள்ளையள் சுத்திக் குந்தியிருந்து, காயுற வரைக்கும் அதப் பார்த்துக்கொண்டே இருந்தாங்க. தூக்கிக் கழுவினா, குதிப்பக்கம் ஒரு புறமாத் தேஞ்ச இடது கால் செருப்பு. பெருவிரல் கிட்ட வட்டமா ஒரு அடையாளம், சுத்தி வரப் பல்லுப் பல்லா.

"சோடா மூடி" எண்டு ஒருத்தன் சொன்னான்.

எல்லாரும் கிறுகி ரூபனைப் பார்த்தாங்க. ரூபன் கரடியனாத்துப் பொடியன். வார் அறுந்து கழண்டு வராம, செருப்புக்கு அடியில சோடா மூடி ஒண்ட ஓட்டை போட்டுக் கோத்திருப்பான். நடந்தா டிக் டிக் எண்டு சத்தம் வரும். நாங்க அவனுக்கு "ரயில் வருது" எண்டு பகிடி பண்ணுவம், அவனும் கூவிக்கொண்டு வருவான்.

வாசல்ல கிடந்த செருப்பக் கொண்டுவந்து பிளாஸ்டர்ல வெச்சாங்க. மூடியும் பல்லும் தேஞ்ச குதியும், ஒண்டும் பிசகல்ல. பொடியனுகள் விசிலடிக்கிறாங்க. "டேய் ரயில், ஸ்டேசன்ல பிடிச்சிட்டம்டா." ரூபன் பார்த்தான். சிரிச்சான். அவன் அந்த லீவுல ஒருநாளும் கள்ளனா வந்ததில்ல, அந்த ஆசை அவனுக்கு இருந்த. ஒழும்பி, நெஞ்சுல கைய வெச்சு, ராசா மாதிரித் தலையக் குனிஞ்சு, "நான்தான் எடுத்தன்" எண்டான். மண்டபம் இடியக் கைதட்டினாங்க. நானும் தட்டின.

அந்தக் கைதட்டுக்குள்ளதான் சேர் வந்தார். சேர் எண்டா அப்ப நிலையத்துக்குப் பொறுப்பா இருந்தவர். கெட்ட மனிசன் இல்ல, ஆனா சாமான்ல கண். எல்லாரும் வாசல்ல கழட்டிப்போட்டுத்தானே உள்ளுக்கு வாற, அவரும் கறுப்புச் சப்பாத்தயும் காலுறையயும் கழட்டி வெச்சிட்டு வந்து நிண்டு கேட்டார்: "கமரா எங்க? பின்னேரம் ஆக்கள் வாறாங்க, படம் எடுக்கணும். அலுமாரி ஏன் திறந்து கிடக்கு?"

நான் டீச்சரப் பார்த்தன். டீச்சர் என்னைப் பார்த்தா.

அந்த ஒரு பார்வையில ரெண்டு பேருக்கும் விளங்கிட்டு. அவட முகத்துல சிரிப்பு அப்பிடியே நிண்டு, மெல்ல மெல்ல வடிஞ்சு போன.

"இது பாடம் இல்லையா?" எண்டு டீச்சர் என்னைக் கேட்டா, மெதுவா.

"நான் போடல்ல டீச்சர். நீங்க போட்டீங்க எண்டு நினைச்சன்."

மேல தகரம் படபடக்குது. சேர் மேசையில கிடந்த பிளாஸ்டரத் தூக்கிப் பார்த்தார், பக்கத்துல கிடந்த செருப்பயும் பார்த்தார். "ஆரிட இது?" எண்டார். எல்லாக் கண்ணும் ரூபன்லதான் கிடந்த.

"இப்ப நான் வரக்கொள்ள 'நான்தான் எடுத்தன்' எண்டு சொன்னது ஆரு?"

"சேர், அது விளையாட்டு," எண்டா டீச்சர். "கள்ளனா வாற புள்ள அப்பிடிச் சொல்றது எங்கட வகுப்புப் பழக்கம்."

"சரி, வாய் விளையாடின எண்டு வைப்பம். இந்தச் செருப்பும் விளையாடினதா? டீச்சர், நீங்கதானே இதப் படிப்பிக்கிற. தடம் பொய் சொல்லாது எண்டு சுவர்ல எழுதி ஒட்டியிருக்கிற. நீங்க படிப்பிக்கிறது உண்மையெண்டா இந்தப் பொடியன் எடுத்திருக்கான். அவன் எடுக்கல்லையெண்டா நீங்க இவ்வளவு நாளும் என்னத்தப் படிப்பிச்ச?"

எனக்கு வாயில எப்பவும் ஒரு பகிடி ரெடியா இருக்கும். அண்டைக்கு நான் சுவர்ல ஒட்டியிருந்த அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நிண்டன்.

ரூபன் "நான் எடுக்கல்ல சேர்" எண்டான். கொஞ்சம் முன்னம் ராசா மாதிரி நிண்டவன், இப்ப கைய எங்க வைக்கிறதெண்டு தெரியாம நிக்கிறான்.

சேர் சொன்னார், "இவன இப்பவே பஸ்ஸேத்தி அனுப்புங்க. இவன்ட அதிபருக்கு நான் கோல் எடுக்கிறன்."

அவன்ட வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும். கரடியனாத்துல அவன்ட அப்பா வயல் வட்டைக்குள்ள நெல் வேலை. அவன் செங்கலடியில பெரியம்மா வீட்டுல நிண்டுதான் உயர்தரம் விஞ்ஞானம் படிக்கிறான், ஊருக்குக் கிட்டத்துல அந்தப் பாடம் இல்ல. பெரியம்மாட புரிசன் ஏற்கனவே முகம் சுழிக்கிற ஆள். கள்ளன் எண்டு ஒரு கோல் போனாப் போதும், அந்த வீட்டுக் கதவு சாத்திரும். ஊருக்குப் போனா அடுத்த நாள் மண்வெட்டிதான். அவன்ட படிப்பு அந்த போன்லதான் தொங்கிக்கொண்டு நிண்ட.

சேர் போனை எடுத்து நம்பர் தேடுறார். டீச்சர் என்ன செய்வா எண்டு நினைக்கிறீங்க? நான் எண்டா "இவன் நல்ல பொடியன் சேர்" எண்டு கெஞ்சியிருப்பன். அவ கெஞ்சல்ல. அவன் எடுக்கல்ல எண்டும் சொல்லல்ல. அவவுக்கும் தெரியாதே.

"சேர், வகுப்பு முடியல்ல," எண்டா. "உடைக்கிற ஆக்கள் இன்னும் கதைக்கல்ல. நாங்க கைதட்டினது பிழை, முறைய மீறித் தட்டிட்டம். அவங்க கதைச்சு முடிய நீங்க கோல் எடுங்க."

"விளையாட இப்ப நேரமில்ல டீச்சர்."

"விளையாடேக்குள்ள இந்த முறை வேணும், நிசமா வரக்கொள்ள வேணாமா சேர்?"

சேர் போனைக் காதுல வைக்காமக் கையில வெச்சிக்கொண்டு நிண்டார். அது போதும் எங்களுக்கு.

"நிவேதா, மகள், நீ உடை," எண்டா டீச்சர்.

நிவேதாக்கு முகம் கறுத்துப்போன. "டீச்சர், நான் கட்டின ஆள். என்ட பிளாஸ்டர். நான் எப்பிடி உடைக்கிற?"

"நீதானே கட்டின. எங்க ஆடுமெண்டு உனக்குத்தான் தெரியும்."

தங்கச்சி, இத நான் கனநாள் யோசிச்சிருக்கன். ரூபன்ட கூட்டாளி ஒருத்தன விட்டிருந்தா, அவன் சண்டைக்குத்தான் போயிருப்பான், சேர் காது குடுத்திருக்க மாட்டார். டீச்சர் பார்த்துப் பார்த்து அந்தப் புள்ளையத்தான் எடுத்தா. பிடிச்சவதான் விடவும் வேணும்.

நிவேதா பிளாஸ்டரயும் செருப்பயும் திரும்ப வெச்சுப் பார்த்தா. திருப்பித் திருப்பி வெச்சா. அது பொருந்துது.

"நீ எப்ப அந்த ஜன்னலடிக்குப் போன?" எண்டு ரூபனைக் கேட்டா.

"போகல்ல."

"உன்ட செருப்புப் போயிருக்கே."

"எனக்குத் தெரியா நிவேதா. நான் போகல்ல."

"ஆருக்கும் குடுத்தியா?"

"இல்ல. ஆரு இதக் கேப்பாங்க, இந்தச் செருப்ப."

ஒருத்தனும் சிரிக்கல்ல. நிவேதா செருப்பக் கொண்டுபோய் வாசல்ல போட்டிட்டு வந்தா, பார்க்கேலாம இருந்திருக்கும். கண் கலங்கிட்டு. "டீச்சர், எனக்கு யோசிக்கேலாம இருக்கு. கை கழுவிட்டு வாறன்" எண்டா. கையெல்லாம் வெள்ளை. டீச்சர் தலைய ஆட்டினா. சேர் மணிக்கூட்டப் பார்த்தார்.

நான் ஜன்னலுக்குக் கிட்ட நிண்டதால கண்டன். அவ வாசல்ல ஒரு செருப்புக்குள்ள கால விட்டுக்கொண்டு இறங்கிப் பைப்படிக்கு நடந்தா. பாதி வழியில நிண்டா. குனிஞ்சு தன்ட காலப் பார்த்தா. கனநேரம் பார்த்தா. பைப்புக்குப் போகல்ல, அப்பிடியே கிறுகி வந்தா. வரக்கொள்ள முகமே வேற.

"டீச்சர், எல்லாரிட கையிலயும் பிளாஸ்டர் இருக்குதானே. எல்லாரும் போய்க் கழுவலாமா?"

டீச்சர் அவட முகத்தப் பார்த்தா. "போங்க எல்லாரும், கழுவிட்டு வாங்க" எண்டா. "சேர், உங்கட கையிலயும் பட்டிருக்கு."

சேர் கையப் பார்த்தார், பிளாஸ்டரத் தூக்கினவர்தானே. அவரும் வெளிக்கிட்டார். புள்ளையள் எப்பவும் போல ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கொண்டு, வாசல்ல கிடந்ததுக்குள்ள கால விட்டுக்கொண்டு ஓடுறாங்க. பைப்படியில எல்லாரும் நிறைஞ்சு நிக்கக்கொள்ள நிவேதா படியில நிண்டு சொன்னா:

"அப்பிடியே நில்லுங்க. ஒருத்தரும் அசையாம உங்கட காலப் பாருங்க."

பார்த்தாங்க. ஒரு பொடியன்ட கால்ல பூப்போட்ட பொம்புளைச் செருப்பு. ஒரு சின்னப் புள்ளைக்குப் படகு மாதிரி ஒண்டு. ஒருத்தனுக்கு ஒரு கால் நீலம், ஒரு கால் சிவப்பு. ஆளுக்காள் செருப்பத் தேடி எடுக்கிறது ஆரு இங்க? நீங்க வரக்கொள்ளயும் கண்டிருப்பீங்க, கிட்டக் கிடக்கிறதுக்குள்ள கால விடுறதுதான். அது செய்யிறமெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் அந்நேரம் டீச்சர்ட செருப்போட நிண்ட.

"சேர்," எண்டா நிவேதா. "நீங்க போட்டிருக்கிறது ரூபன்ட செருப்பு."

சேர் குனிஞ்சு பார்த்தார். சப்பாத்துக்கு நூல் கட்டணும், கை வேற வெள்ளை, வாசல்ல முன்னால கிடந்ததுக்குள்ள கால விட்டுட்டு வந்திட்டார். ஒரு அடி பின்னால வெச்சார். பைப்படிக் கல்லுல டிக் எண்டு சத்தம் வந்த. அவர் நிண்ட ஈர மண்ணுல, மூடியும் பல்லும் வடிவா விழுந்து கிடக்கு.

"இது கிட்டக் கிடந்திச்சு, அதான்..." எண்டார்.

"ஓம் சேர். எல்லாருக்கும் அது கிட்டத்தான் கிடக்கும்."

நான் வாசலைப் பார்த்தன். அங்க சேர்ட கறுப்புச் சப்பாத்து மட்டும்தான் மிச்சம். அதுக்குப் பக்கத்துல ரூபன் வெறுங்காலோட நிக்கிறான்.

டீச்சர் கிட்ட வந்தா. "சேர், தடம் பொய் சொல்லல்ல. செருப்பு வந்ததெண்டுதான் அது சொல்லிச்சு. ரூபன் வந்தான் எண்டு சொன்னது நாங்க. எனக்கும் இப்பத்தான் விளங்குது."

"அப்ப கமராவ எடுத்தது ஆரு?"

"தெரியா சேர்."

"தெரியாவா?"

"ஓம். தெரியா. நீங்க பொலிசுக்குச் சொல்லுங்க, அவங்க வந்து தேடட்டும். புள்ளையள்ட கையில நான் குடுத்தது பாடம். அத வெச்சு ஒரு புள்ளைய வீட்டுக்கு அனுப்பேலாது."

சேர் போனைச் சட்டைப் பைக்குள்ள போட்டார். செருப்பக் கழட்டி, கையில தூக்கிக்கொண்டு வந்து, ரூபன்ட காலடியில வெச்சார். "மகன், நீ இருந்து படி" எண்டார். மன்னிப்புக் கேட்டார் எண்டு சொல்லமாட்டன். ஆனா ஒரு பொறுப்பாளர் ஒரு பொடியன்ட செருப்பத் தூக்கி வந்தத நான் என்ட கண்ணால கண்ட.

கமரா கிடைக்கல்ல. பொலிஸ் வந்து பார்த்து, கேட்டு, போனாங்க. இண்டைக்கும் ஆரெண்டு தெரியா. குரங்கு எண்டு சிலர் சொல்லுவாங்க. அப்பிடியெண்டா இந்நேரம் அது நல்லாப் படம் எடுத்திருக்கும். நான் போடுற களவுக்கெல்லாம் விடை என்ட சட்டைப் பைக்குள்ள இருக்கும், அதால எங்களுக்குத் தெரியா எண்டு சொல்ல வராது. தம்பி, நீ போடுற களவுலயும் அப்பிடித்தான் பழகிப்போவாய். புள்ளையள் சரியாப் பிடிச்சாங்களா எண்டு மட்டும் பார்ப்பாய். அவங்க பிழையாப் பிடிச்ச ஆளுட முகத்த ஒருக்காப் பாரு. விளையாட்டுலயும் பாரு.

கதை அதோட முடிஞ்ச எண்டு நினைச்சுத்தான் நானும் அண்டைக்கு வீட்ட போன. அடுத்த நாள் ரூபன் வந்தான். வாசல்ல செருப்பக் கழட்டினான். பையில இருந்து ஒரு பொலித்தீன் பேக்க எடுத்து, செருப்ப அதுக்குள்ள போட்டுக் கட்டி, உள்ளுக்குக் கொண்டுவந்து கதிரைக்குக் கீழ வெச்சுக்கொண்டான். உள்ளுக்குச் செருப்புக் கொண்டுவரப்படாது எண்டு சட்டம். டீச்சர் கண்டா. அப்பிடியே பாடத்தத் தொடங்கிட்டா. நான் "ரயில் டிப்போவுக்குப் போயிட்டு போல" எண்டு சொல்ல வாயெடுத்தன், டீச்சர் பார்த்த பார்வையில விழுங்கிட்டன்.

ஒவ்வொரு நாளும் அதுதான். தேத்தண்ணிக்கு எல்லாரும் ஓடுவாங்க, அவன் மட்டும் குந்தியிருந்து பேக்க அவிழ்த்து, செருப்ப எடுத்துப் போட்டு, வந்து திரும்பக் கட்டி வைப்பான். சேர் அவனை அனுப்பல்லத்தான். ஆனா எங்களோட கூவிக்கொண்டு வந்த பொடியன் வரல்ல. பேச்சுக் குறைஞ்ச. பிளாஸ்டர் வேலை வந்தா எட்ட நிப்பான். லீவு முடிஞ்சா அவன் இனி இந்தப் பக்கம் வரமாட்டான் எண்டு டீச்சர் ஒருநாள் என்னட்டச் சொன்னா, ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ணாமப் பிடிச்சுக்கொண்டு நிண்டு. "ஒரு புள்ளைய வெளிய அனுப்பாம வெச்சிக்கிட்டன் மகனே, ஆனா உள்ளுக்கு எடுக்கத் தெரியல்ல" எண்டா.

நிவேதாவும் அவனோட கதைக்கல்ல. கதைக்க வருவா, கிட்ட வந்து வேற எங்கேயோ போயிருவா.

லீவு முடியப்போற கிழமை. ஏதோ மை வேலை, எல்லாரிட விரலும் கறுப்பு. நிவேதா ஒழும்பினா. வாசலுக்குப் போகல்ல. நேரா ரூபன்ட கதிரைக்கு வந்து நிண்டா.

"உன்ட செருப்பத் தா. கை கழுவிட்டு வாறன்."

ரூபன் நிமிர்ந்து பார்த்தான். "வாசல்ல கிடக்குதே கனக்க."

"அது வேணாம். இதத் தா."

மண்டபத்துல எல்லாரும் வேலை செய்யிற மாதிரியே இருக்காங்க, ஒருத்தரும் வேலை செய்யல்ல. ரூபன் குனிஞ்சு, பேக்குக் கட்ட அவிழ்த்து, செருப்ப எடுத்து அவட காலடியில சோடியா வெச்சான்.

"குதி தேஞ்சிருக்கு," எண்டான். "பைப்படியில வழுக்கும். பார்த்துப் போ."

அவ போட்டுக்கொண்டு போனா. டிக் டிக் எண்டு அந்தச் சத்தம் மண்டபத்தத் தாண்டி, படியால இறங்கி, பைப்படி வரைக்கும் கேட்ட. திரும்பி வந்து, அதக் கழட்டி வாசல்ல, மற்றச் செருப்புக் குவியலுக்கு நடுவுல போட்டுட்டு உள்ளுக்கு வந்தா. ரூபன் அதப் பார்த்தான். ஒழும்பிப் போய் எடுக்கல்ல.